பதக்கக்கோவை, நாடாக்கோவை: பழைய ஜெர்மன் பதக்க அணிகளுக்குத் தமிழ்ச் சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய ஜெர்மன் இராணுவப் படங்களில் வீரர்களின் இடது மார்பில் பல பதக்கங்கள் ஒரே தகட்டில் நெருக்கமாகத் தொங்குமே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதக்கப்பட்டை, பதக்கச்சட்டம், பதக்க வரிசை, பதக்கச்சரம் என்று நான்கு பரிந்துரைகள் வந்தன. நான்கையும் வைத்து ஒரு படத்துக்கு விளக்கம் எழுதிப் பார்த்தேன்.

பதக்கப்பட்டை முதல் பத்தியிலேயே இடறியது. பதக்கத்தைத் தாங்கும் துணி நாடாவில் ஓடும் நிறக்கோட்டையும் பட்டை என்றுதானே சொல்கிறோம்? "பட்டையின் மூன்றாம் பட்டையில் சிவப்புப் பட்டை" என்று எழுத வேண்டியதாகிவிட்டது. பதக்கச்சட்டம் என்றால் சுவரில் மாட்டும் கண்ணாடிச் சட்டம்தான் மனதில் வருகிறது. பதக்க வரிசையைப் படிப்பவர் ஒலிம்பிக் பக்கத்துக்குப் போய்விடுவார். பதக்கச்சரம் அழகான சொல், ஆனால் சரத்தில் எந்தப் பூ முன்னே, எது பின்னே என்பது பொருட்டல்ல. இங்கே அதுதான் எல்லாம்.

ஜெர்மன் மொழியிலேயே இந்தச் சொற்கள் கொஞ்சம் குழப்பமானவை. பதக்கங்கள் தொங்கும் முழு அணி 'ஓர்டன்ஸ்ஷ்னாலெ'. பதக்கம் இல்லாமல் நாடாத் துண்டுகளை மட்டும் பதித்தது 'பாண்ட்ஷ்னாலெ'. 'ஷ்னாலெ' என்றால் பெல்ட்டில் இருக்கும் கொக்கி. அன்றாடச் சீருடைக்கான நாடா அணியை 'ஃபெல்ட்ஷ்பாங்கெ' என்றும் சொல்வார்கள். நாடாவின் மேல் பொருத்தும் போர்க்களப் பெயர்த் தகடும் 'ஷ்பாங்கெ'தான். முதல் உலகப் போரில் ஜெர்மனியின் வீர விருதான இரும்புச் சிலுவை பெற்றவருக்கு இரண்டாம் போரில் மீண்டும் கிடைத்தால், 1939 என்று பொறித்த கழுகுச் சின்னத்தைப் பழைய நாடாவிலேயே குத்திக்கொண்டார்; அதற்கும் அதே பெயர். மூன்று வேறு பொருள்களுக்கு ஒரு சொல். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அவர்களுடைய சிக்கல் நமக்கும் வந்துவிடும்.

என் பரிந்துரை பதக்கக்கோவை. நாடா மட்டும் என்றால் நாடாக்கோவை. கோவை என்றதும் சிலருக்கு ஊரும் சிலருக்குக் கொடியும் நினைவுக்கு வரும், தெரியும். ஆனால் மணிக்கோவை, முத்துக்கோவை என்று நகைக்கு வழங்கிய சொல் இது. பதக்கமும் நகைச் சொல்தான், இரண்டும் இயல்பாகச் சேர்கின்றன. அதைவிட முக்கியமானது கோவை என்னும் சிற்றிலக்கியம். அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு துறை, அதாவது காதல் கதையின் ஒரு கட்டம்; ஒவ்வொரு துறைக்கும் ஓர் இடம். காட்சிக்கு முன்னால் பிரிவு வராது. இடம் தெரிந்தால் பாட்டு பாதி புரிந்துவிடும். பதக்கங்களும் அப்படியே.

ஒரு எடுத்துக்காட்டு. 1930களின் இறுதியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், நான்கு நாடாக்கள். நம் பார்வையில் இடது ஓரத்தில் இருப்பதே முதலிடம். அங்கே கறுப்பு நாடா, இரு ஓரங்களையும் ஒட்டி வெள்ளைக் கோடு: 1914 இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பை நேரே மார்பில் குத்துவார்கள், அது கோவையில் வராது. அடுத்தது நடுவில் சிவப்பும் இருபுறமும் கறுப்பு வெள்ளையும் கொண்ட நாடா, 1934 ஜூலையில் நிறுவிய உலகப்போர் மதிப்புச் சிலுவை. போர்முனையில் நின்றவருக்கு வாள்களுடன், மற்றவருக்கு வாள் இல்லாமல், இறந்தவரின் குடும்பத்துக்குக் கறுப்பாக. இது இருந்தால் கோவை 1934க்கு முன் தைத்ததாக இருக்க முடியாது. கடைசி இரண்டும் ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிகின்றன. ஆனால் அவை வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். மதிப்புச் சிலுவைக்குப் பின்னால் இரண்டு வெளிறிய நாடாக்கள் சேர்ந்து வந்தால், 1936இல் நிறுவிய பணிக்கால விருதுகளைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அவற்றின் நாடா நீலம். 12 ஆண்டுக்கானதைப் பெற்றவர் 4 ஆண்டுக்கானதையும் கூடவே அணிந்தார். நிறம் கைவிட்ட இடத்தில் வரிசைதான் காப்பாற்றுகிறது. அந்த வரிசையைச் சொல்லாத பெயர் எனக்குப் போதவில்லை.

அப்புறம், நாடாவை விவரிக்கும் சொற்கள். இவற்றைப் புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. சேலையும் வேட்டியும் நெய்கிறவர்களிடம் எல்லாம் இருக்கின்றன. பெரும்பரப்பு உடல், ஓரம் கரை, மெல்லிய கோடு கம்பி. மேலே சொன்ன 1914 நாடாவை 'வெள்ளைக் கரை போட்ட கறுப்பு நாடா' என்றால் அது பிழை. கரையும் கறுப்புதான், வெள்ளைக் கோடு அதற்குச் சற்று உள்ளே ஓடுகிறது. 'கறுப்பு உடல், கறுப்புக் கரை, கரையை ஒட்டி உள்ளே வெள்ளைக் கோடு' என்றால் யாருக்கும் ஐயம் வராது. 1942இல் வந்த கிழக்குப் போர்முனைப் பதக்கம் 'சிவப்பு உடல், நடுவே வெள்ளை கறுப்பு வெள்ளைக் கம்பி'. எவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடுகிறது பாருங்கள். நெசவில் நாடா என்றால் தறியில் ஓடும் நாடாவும் உண்டு என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். ஆனால் பதக்கத்துக்குப் பக்கத்தில் வரும்போது குழப்பம் இராது. பேச்சில் ரிப்பன் என்றும் சொல்லட்டும்.

இன்னொரு சொல்லும் கட்டாயம் வேண்டும். 1914இல் போரிட்டவருக்குத் தந்த இரும்புச் சிலுவை கறுப்பு நாடாவில் வெள்ளைக் கோட்டுடன் வரும். போரில் நேரடியாக ஈடுபடாதவருக்குத் தந்தது வெள்ளை நாடாவில் கறுப்புக் கோட்டுடன். 1939இலும் இதே முறைதான். இரும்புச் சிலுவைக்கு நடுவில் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. களத்து வீரத்துக்கு அல்லாமல் மற்றப் போர்ப்பணிக்குத் தந்த போர்ப்பணிச் சிலுவைக்கு நடுவில் கறுப்பு, ஓரத்தில் சிவப்பு. இடையில் இரண்டிலும் வெள்ளை. இப்படி நிறம் இடம் மாறி இணையாக வருவதை எதிர்நிற நாடா எனலாம். தவறாக அடையாளம் காண்பது இங்கேதான் அதிகம் நடக்கிறது. அதற்கு ஒரு பெயர் இருந்தால் எச்சரிக்கவாவது முடியும்.

மடிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆஸ்திரியாவில் நாடாவை முக்கோணமாக மடிப்பார்கள். முக்கோண மடிப்பு என்றால் போதும்.

நாடா எதைச் சொல்லாது என்பதையும் நம் விளக்கக் குறிப்பில் சேர்க்க விரும்புகிறேன். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் மாலுமிகள் பலருக்கு இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பு கிடைத்தது. நம் பேச்சில் 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் நிற்கும் அந்தக் கப்பலின் மாலுமி அணிந்த நாடாவும், பெல்ஜியத்துப் பதுங்குகுழியில் கிடந்த காலாட்படை வீரர் அணிந்த நாடாவும் ஒன்றே. கோவையில் வேறு ஏதாவது இருந்தால்தான் வழி தெரியும். ஹாம்புர்க், பிரெமன், லூபெக் நகரங்கள் தனித்தனியே தந்த ஹான்சியச் சிலுவை ஒன்று கூட இருந்தால் தேடலை அந்தத் துறைமுக நகரங்களிலிருந்து தொடங்கலாம். அதிலும் மூன்று நகரங்களுக்குமே சிவப்பும் வெள்ளையும்தான். கோடுகள் அமையும் விதம்தான் வேறு. இதற்காகத்தான் கரை, உடல், கம்பி என்று இவ்வளவு நேரம் மன்றாடுகிறேன்.

போர்க்களப் பெயர் பொறித்த தகட்டுக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. 1870–71 போர் நினைவுப் பதக்கத்துக்கு இவை 1895இல், வெற்றியின் 25ஆம் ஆண்டில் வந்தன. போரிட்டவருக்கான அந்தப் பதக்கமே பிரெஞ்சுக்காரரிடம் கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தில் வார்த்தது. விளிம்பிலேயே அதைப் பொறித்திருப்பார்கள். 'களத்தகடு' என்று எழுதி வைத்திருக்கிறேன். களம் என்றால் நெற்களமும் நினைவுக்கு வருகிறதே என்று வீட்டில் கேட்டார்கள். 'போர்க்களத்தகடு' என்றால் நீளம். 1939 கழுகுச் சின்னத்தை இதிலிருந்து பிரிக்க 'மறுவிருதுச் சின்னம்' என்று போட்டிருக்கிறேன். இந்த இரண்டுக்கும் உங்கள் கருத்தை எழுதுங்கள். பதக்கக்கோவைக்கு மறுப்பு இருந்தால் அதையும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று இரவு படவிளக்கங்களை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்.