தம்பியின் தோள் ஐந்து முறை விலகிவிட்டது: லட்டார்ஜே அறுவை சிகிச்சை செய்து மீண்டும் கபடி ஆடியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். தம்பிக்கு 22 வயது, ஊர் திண்டுக்கல் பக்கம், கபடியில் ரைட் கார்னர். 2022 கடைசியில் ஒரு ரைடரை டேஷ் அடிக்கப் போய் வலது தோள் முன்பக்கமாக விலகியது. இதுவரை ஐந்து முறை ஆகிவிட்டது. கடைசியாக விலகியது ஆட்டத்தில்கூட இல்லை, தூக்கத்தில் புரண்டபோது. அதுதான் வீட்டில் எல்லாரையும் பயமுறுத்திவிட்டது.

முதல் தடவை மூன்று வாரம் ஸ்லிங், அப்புறம் ஆறு மாதம் பிசியோதெரபி. தசை நன்றாகத் தேறியது. ஆனால் கையைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடுமோ என்று இன்னும் பின்வாங்குகிறான். எண்ணெய்க்கட்டும் போட்டுப் பார்த்தோம், பலனில்லை. வலிப்பு நோய் கிடையாது, மற்ற மூட்டுகளில் தளர்ச்சியும் இல்லை.

எம்ஆர்ஐயில் பாங்கார்ட் கிழிசல் (தோள் குழியின் முன்விளிம்பில் உள்ள குருத்தெலும்பு வளையம் கிழிந்திருக்கிறது), பந்து எலும்பின் பின்புறம் ஹில்-சாக்ஸ் பள்ளம் (விலகும்போது குழியின் விளிம்பில் இடித்து விழுந்தது). சிடியில் குழி எலும்பின் முன்விளிம்பு சுமார் 18 சதவீதம் தேய்ந்திருக்கிறது. ஒரு மருத்துவர் ஆர்த்ரோஸ்கோப்பியில் (சிறு துளை வழியே கேமரா விட்டு) கிழிசலைத் தைத்து, பள்ளத்தில் தசைநாரைப் பதிக்கலாம் என்கிறார். இன்னொருவர், இந்த வயதில் மோதி ஆடுகிறவனுக்கு அந்தத் தையல் விட்டுப்போக வாய்ப்பு அதிகம், தோளின் முன்னாலுள்ள கோரகாய்டு எலும்பை வெட்டி அந்த விளிம்பில் திருகாணியால் பொருத்தும் லட்டார்ஜேதான் சரி என்கிறார். எனக்கும் மனது அங்கேதான் சாய்கிறது. ஆனால் எலும்பை ஒருமுறை வெட்டி மாற்றினால் பழையபடி ஆக்க முடியாதே.

லட்டார்ஜே செய்துகொண்டு கபடியோ ரக்பியோ ஆடுகிறவர்கள் சொல்லுங்கள்: எத்தனை மாதத்தில் பயமில்லாமல் முழு மோதலுக்குத் திரும்பினீர்கள்?