பூச்சிக்கு ஒரு சிலை: கரிசல் வீட்டுக் குழுவில் ஒரு ஞாயிறு

அண்ணன் அலபாமா: (படம்)
அண்ணன் அலபாமா: இங்கே அலபாமாவில் என்டர்பிரைஸ் என்று ஒரு ஊர், டோத்தன் நகரத்திலிருந்து முக்கால் மணி நேரம்தான். நடுத்தெருவில் ஒரு பெண் சிலை, இரண்டு கையையும் தூக்கி ஒரு பூச்சியை ஏந்தியிருக்கிறாள். ஊர்க்காரர்கள் அந்தப் பூச்சிக்கு நன்றி சொல்லி 1919 டிசம்பர் 11ஆம் தேதி திறந்தது.

பெரியப்பா: என்ன பூச்சி

அண்ணன் அலபாமா: பருத்திக் கூன்வண்டு பெரியப்பா

பெரியப்பா: பருத்தியைத் தின்ற பூச்சிக்கா சிலை? அப்படியென்றால் நம் காய்ப்புழுவுக்குக் கோயிலே கட்டியிருக்க வேண்டும்.

சித்தி: இதுவும் காய்ப்புழு மாதிரிதானா தம்பி

அண்ணன் அலபாமா: இல்லை சித்தி, இது நம் பக்கம் கிடையாது. மெக்சிகோவிலிருந்து 1892 வாக்கில் டெக்சாஸுக்குள் வந்தது, அப்படியே கிழக்கே நகர்ந்து 1910ல் அலபாமா. மூக்கு நீளமான சின்ன வண்டு. சப்பையில், அதாவது பருத்திப் பூமொட்டில், மூக்கால் துளை போட்டு உள்ளே முட்டை வைக்கும், புழு உள்ளேயே தின்று வளரும், சப்பை மஞ்சளாகி உதிர்ந்துவிடும். முட்டையிலிருந்து வண்டாக மூன்று வாரம் போதும், அப்புறம் அடுத்த தலைமுறை.

பெரியப்பா: சப்பை உதிர்ந்தால் காய் ஏது, பஞ்சு ஏது. மருந்து?

அண்ணன் அலபாமா: புழு சப்பைக்குள் இருக்கும்போது மேலே எதைத் தெளித்தாலும் படாது. அதனால் கடலைக்கு மாறினார்கள். செஷன்ஸ் என்று ஒருவர் வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் போய்க் கடலை விளைவதைப் பார்த்துவிட்டு வந்து, 1916ல் கடனில் இருந்த பாஸ்டன் என்ற விவசாயியைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். அந்த ஒரு வெள்ளாமையில் கடன் தீர்ந்தது. விளைந்ததை விதைக்கென்று மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். வண்டு வராவிட்டால் கடலைக்கு மாறியிருக்க மாட்டார்கள், அதற்குத்தான் நன்றி.

குட்டி: கோவில்பட்டிக்காரர்களிடமே கடலைக் கதையா. அண்ணா, ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டை அந்தம்மா காலடியில் வைத்துப் படம் எடுத்திருக்கலாமே

சித்தி: குட்டி, வாயை மூடு. மிட்டாய் அங்கே கிடைக்கிறதா தம்பி

மதினி: கிடைக்கிறது அத்தை, ஆனால் கல் மாதிரி. பெரிய மாமா, சிலை பற்றி இவர் சொல்லாத ஒன்று உண்டு. முதல் முப்பது வருடம் அதில் பூச்சியே இல்லை, பெண் மட்டும்தான். 1949ல்தான் மேலே வண்டை வைத்தார்கள்.

குட்டி: வண்டுக்கான சிலையில் வண்டு இல்லையா, சூப்பர்

மதினி: 1998ல் யாரோ சிலையைப் பெயர்த்தும் விட்டார்கள். அசலைப் பழுது பார்த்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள், தெருவில் நிற்பது நகல்.

மதினி: எனக்கு அதைவிடப் பிடித்தது பழைய பத்திரிகைகள். இங்கே காங்கிரஸ் நூலகம், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பழைய ஊர்ப் பத்திரிகைகளையெல்லாம் படமெடுத்து இணையத்தில் சும்மா போட்டிருக்கிறது. தெற்கத்தி வாரப் பத்திரிகைகளைத் திறந்தால் ஒரே ஊர் வம்புதான், யார் ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல், யாருடைய கோவேறு கழுதை காணாமல் போனது, எந்தச் சபையில் ஐஸ்கிரீம் வைத்து நிதி திரட்டுகிறார்கள் என்று. நம் குழுவை அச்சடித்தால் அப்படித்தான் இருக்கும்.

குட்டி: பக்கத்து வீட்டுப் பூனை செய்தி உட்பட

மதினி: ஆனால் அதில் வெள்ளைக்காரப் பெண் என்றால் மிசஸ் போடுவார்கள். கறுப்பினத்தவர் வந்தால் வெறும் பெயர், பக்கத்தில் நிறத்தைக் குறித்துவிடுவார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் கைது, விபத்து என்றுதான் வருகிறார்கள். எழுபது வயதுக் கிழவரானாலும் அதே கதை.

சித்தி: நம் ஊரில் மட்டும் என்ன, களத்தில் நின்ற பெரியவர்களை வீட்டுச் சின்னப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையா

(கொஞ்ச நேரம் யாரும் எதுவும் போடவில்லை)

பெரியப்பா: நிலம் யாருடையது? வாரமா குத்தகையா?

மதினி: பலருக்கும் பாதி வாரம் மாமா. விளைச்சலில் பாதி நிலத்துக்காரருக்கு. விதை, மாவு, பன்றிக்கறி, துணி எல்லாம் கடைக்காரர் கடனாகக் கொடுப்பார், நிற்கிற வெள்ளாமையே அடமானம். வருடக் கடைசியில் கணக்கு நோட்டு அவர் கையில். பருத்தி இருக்கும்வரை கடன் கொடுப்பவர் பருத்திதான் போடச் சொல்வார், உடனே விற்றுக் காசாக்கலாம் என்பதால். அதனால்தான் மாற்றுப் பயிருக்குப் போவது சாதாரண குடியானவர் கையில் இல்லை, யார் பணம் போடுகிறாரோ அவர் மனசு வைக்க வேண்டும்.

பெரியப்பா: அது எங்கேயும் அப்படித்தான் தாயி. எங்கள் காலத்தில் பஞ்சுக் கடைக்காரர் முன்பணம் கொடுத்தால் மூட்டை அவர் தராசில்தான் ஏறும்.

அண்ணன் அலபாமா: கடலை வந்ததும் 1917லேயே அந்த மாவட்டம்தான் நாட்டில் அதிகக் கடலை விளைத்தது என்று இங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். முதல் உலகப் போர்க்காலம், எண்ணெய்க்குத் தேவை இருந்தது. அலபாமாவிலேயே டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் இருந்த கார்வர், அடிமைத்தனத்தில் பிறந்த கறுப்பின விஞ்ஞானி, அதற்கு முந்தின வருடம்தான் கடலையைச் சமைக்க 105 வழி என்று ஒரு பிரசுரம் போட்டார்.

சித்தி: 105ஆ! சட்னிக்கு மேல் எனக்குத் தெரியாது

மதினி: ஆனால் வண்டுக்கு நன்றி சொன்ன ஊர் என்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு பக்கத்தைப் பார்ப்பதில்லை. சப்பை உதிர்ந்த வருடங்களில் தெற்கில் வாரத்துக்கு உழுத எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டி ரயிலேறி சிகாகோ, டெட்ராய்ட் போய்விட்டன. 1901 அரசியலமைப்புப்படி அலபாமாவில் அப்போது ஓட்டுப் போட வருடத்துக்கு ஒன்றரை டாலர் தலைவரி, கட்டாத பாக்கி சேர்ந்துகொண்டே போகும், ஏழைக்கு ஓட்டு எட்டாது. கடலை போட்டுக் கடன் தீர்ந்தது கொஞ்சம் பேருக்குத்தான். சிலைக்கல்லில் குடிமக்கள் நிறுவியது என்று இருக்கிறது, அதில் யார் யார் சேர்த்தி என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

குட்டி: மதினி ஃபயர்

அண்ணன் அலபாமா: இதையே கார் முழுக்க இரண்டு மணி நேரம் கேட்டேன்

பெரியப்பா: சரி, அந்த வண்டு இப்போது இருக்கிறதா?

அண்ணன் அலபாமா: கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள் பெரியப்பா. 1978ல் வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் ஆரம்பித்த திட்டம், விவசாயிகளும் பணம் போட்டது. வயல் ஓரமெல்லாம் வாசனை காட்டி வண்டை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து எண்ணி, வண்டு விழுந்த வயலுக்கு மட்டும் மருந்து.

பெரியப்பா: பொறிதானே நம் வேளாண்மை ஆபீசிலும் கொடுத்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரன் வைக்கவில்லை என்றால் நாம் வைத்து என்ன பயன்.

அண்ணன் அலபாமா: அதற்குத்தான் இங்கே முதலில் விவசாயிகளிடம் ஓட்டு எடுத்தார்கள். ஒத்துக்கொண்டுவிட்டால் எல்லோரும் சேர்ந்துதான் ஆக வேண்டும்.

பெரியப்பா: அதை நம் ஊரில் சொல்லிப் பார். டீக்கடையிலேயே அடிதடி.

சித்தி: அண்ணன் இந்த வருடமும் பருத்திதானா?

பெரியப்பா: மேலக்காட்டில் உளுந்து. ஆடி மழையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.