ஸ்பைடர் பால் பைத்தான்: தலையாட்டம் சுபாவமா?

குராய்டன்_ரகு: "ஸ்பைடர் பால் பைத்தான் தலைய ஆட்டுறது அதோட சுபாவம், நோய் இல்ல"ன்னு நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. ஸ்பைடர்னா, சிலந்தி வலை மாதிரி கோலத்துக்காகவே மனுஷங்க பெருக்குற பால் பைத்தான் மலைப்பாம்பு வகை. என்கிட்ட ஒண்ணு இருக்கு. எலியக் காட்டினா தலை திருகாணி மாதிரி சுத்தும். பாயும், தண்ணிக் கிண்ணத்தக் கடிச்சுட்டு நிக்கும். நாலாவது பாய்ச்சல்லதான் எலி சிக்கும். இதுவா சுபாவம்?

பாம்புக்காரன்77: எழுதினது நான்தான், பேரச் சொல்லியே கேளுங்க. நாலாவதுல சிக்குதுல்ல? சாப்பிடுதுல்ல? அவ்ளோதான். பன்னண்டு வருஷமா வளக்குறேன், ஒண்ணுகூடப் பட்டினியில சாகல.

நிலா_வெட்: சாப்பாட்ட விடுங்க சார். 2022ல ஜெர்மனியில ஸ்டார்க் குழு மைக்ரோ சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து ப்ளோஸ் ஒன் ஆய்விதழ்ல போட்டிருக்காங்க. உள்காதுல சமநிலையப் பாத்துக்குற அரைவட்டக் குழாய்களே உருக்குலைஞ்சிருக்கு. எது மேல, எது கீழன்னு அதுக்குத் தெரியாது.

பாம்புக்காரன்77: அந்தப் பாம்புங்க சாப்பிட்டுச்சா இல்லையான்னு எழுதியிருக்காங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல.

குராய்டன்_ரகு: அண்ணே, 1999ல ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்த ஒரே ஒரு பாம்ப வச்சு அமெரிக்காவுல கெவின் மக்கர்லி பெருக்கின வம்சம் இது. அந்தக் கோலமும் தலையாட்டமும் சேர்ந்தேதான் வருது. குட்டிகள்ல பாதிக்கு இறங்குது. தெரிஞ்சே ஜோடி சேக்குறோம்.

பாம்புக்காரன்77: உங்க பாம்பு குறி தப்புதுன்னா கூண்டுல சூடு எக்கச்சக்கம்னு அர்த்தம். போன வருஷம் சூட்டக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் கேட்டு என் வாசல்ல வந்து நின்னது மறந்துபோச்சா?

குராய்டன்_ரகு: மறக்கல. நீங்க வித்த அந்த தெர்மோஸ்டாட் மூணே மாசத்துல போச்சு. இன்னும் காசு வரல.

திருச்சி_தாமஸ்: பக் நாய் மூச்சு விட முடியாமத் திணறுதே, அத யாராவது கேட்டீங்களா? பாம்புன்னா மட்டும் கிளம்பிடுறீங்க.

பாம்புக்காரன்77: அப்படிக் கேளுங்க தம்பி!

நிலா_வெட்: பக்கும் தப்புதான் தாமஸ். என் மேசைக்கு வாரம் ரெண்டு வருது, கொரட்டைய வச்சே கண்டுபிடிச்சிடுவேன். ஒரு தப்பு இன்னொரு தப்புக்கு சாட்சி சொல்ல வராது.

திருச்சி_தாமஸ்: டாக்டருங்களுக்கு ஃபீஸ் வந்தா எல்லாமே நோய்தான்.

நிலா_வெட்: தெரு நாய்க்கு நான் எவ்ளோ வாங்குறேன்னு ஊர்ல விசாரிச்சுட்டு வந்து பேசுங்க.

குராய்டன்_ரகு: இங்க பிரிட்டன்ல இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிகல் சொசைட்டி தன் கண்காட்சியில ஸ்பைடர விக்கக் கூடாதுன்னே சொல்லிடுச்சு. பாம்பு பிடிக்காதவங்க போட்ட தடை இல்ல அண்ணே, பாம்பு வளக்குறவங்களே போட்டது.

பாம்புக்காரன்77: சங்கத்துக்காரன் வந்து என் பாம்புக்கு எலி போடுறானா? வலியில இருக்குற உயிர் சாப்பிடாது. என்னுது சாப்பிடுது. இதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல.

நிலா_வெட்: தலை சுத்துறவனுக்கும் பசிக்கும் சார். சாப்பிடுதான்னு நான் கேக்கவே இல்ல. மல்லாத்திப் போட்டா நிமிர எவ்ளோ நேரம் ஆகுது? அத மட்டும் சொல்லுங்க.

பாம்புக்காரன்77: நேத்து ராத்திரி ரெண்டு எலி, ஒரே பாய்ச்சல். அடுத்த வாரம் ஆறு முட்டை பொரியுது. வேணுங்கறவங்க தனியாக் கேளுங்க.