பருவநிலைப் பேச்சில் பண்பாட்டு மரபின் இடம் – கொஞ்சம் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பருவநிலை மாற்றம் குறித்த ஒரு கலந்துரையாடலுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். பண்பாட்டு மரபு என்ற பகுதிக்கு வந்ததும் நின்றுவிட்டது.

2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 8ஆவது பிரிவு, பொருளாதாரம் சாராத இழப்புகளையும் குறிப்பிடுகிறது. 2023 துபாய் பருவநிலை மாநாட்டில் ஏற்றுக்கொண்ட தகவமைப்பு (மாறும் பருவநிலைக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வது) இலக்குகளில் பண்பாட்டு மரபைக் காப்பதும் ஒன்று. ஆக, காகிதத்தில் இடம் கிடைத்துவிட்டது.

கட்டடம் என்றால் பேசுவது எளிது. வெனிஸில் கடல் பொங்கும்போது 2020 முதல் தடுப்புக் கதவுகள் எழுகின்றன. பெருவின் சான் சான் மண் நகரத்தை எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) கொண்டுவரும் மழை அரிக்கிறது. படம் காட்டலாம், செலவுக் கணக்கும் போடலாம். ஆனால் கடல்மட்டம் உயர்ந்து மூழ்கும் அபாயத்தில் உள்ள பசிபிக் தீவு நாடான துவாலு? அந்த மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேற வழிசெய்யும் ஒப்பந்தம் 2023இல் கையெழுத்தானது. ஆள் போய்ச் சேரலாம். முன்னோரைப் புதைத்த மண், தீவோடு பிணைந்த சடங்கு, காற்றையும் அலையையும் படிக்கும் அறிவு, இவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது? விலை போட்டால் அபத்தம், போடாவிட்டால் நிதிப் பேச்சில் காணாமல் போகிறது. எனக்கு இதுதான் உண்மையான சிக்கலாகப் படுகிறது.

இத்தகைய இழப்பைப் பணமாக மாற்றாமல் பதிவு செய்யும் முறை ஏதும் தெரியுமா? ஈரானின் கனாத் நிலத்தடிக் கால்வாய்கள் போல, மரபே தகவமைப்புக்குக் கைகொடுக்கும் எடுத்துக்காட்டுகளும் வேண்டும். களத்தில் வேலை செய்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. அறிக்கை, கட்டுரை எதுவானாலும் கீழே பகிருங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை.