வாடைக் காலத்தில் கோழிக்கூட்டுக்குள் ஈரம்: தண்ணீர் எங்கே இருந்து வருகிறது?

உச்சிப்புளிக்காரன்:
வணக்கம். வீடு உச்சிப்புளி பக்கம், கடல் ரொம்பக் கிட்ட. கொல்லையில் நானே ஒரு கோழிக்கூடு அடித்திருக்கிறேன். ஆறடிக்கு நாலடி, சவுக்குக் கால், மேலே பழைய தகரம், சுற்றிலும் கடையில் விற்கிற அறுகோணக் கோழிவலை, தரையில் மண். பன்னிரண்டு நாட்டுக்கோழி, ஒரு சேவல். ஐப்பசி பிறந்து வாடை அடிக்க ஆரம்பித்ததும், சாரல் உள்ளே வரக்கூடாது என்று நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கி அடியில் கல்லை வைத்துவிட்டேன், ஆணி ஓட்டைக்கெல்லாம் தார் பூசியாச்சு. ஆனாலும் மழையே இல்லாத நாளில்கூடக் காலையில் திறந்தால் தரை நசநசவென்று இருக்கிறது, கண் எரிகிற அளவுக்கு நெடி, ரெண்டு கோழி தும்மிக்கொண்டே இருக்கிறது. வலை வேறு வாங்கி வருஷம் திரும்பவில்லை, அதற்குள் துருவேறிப் பொடிப்பொடியாக உதிர்கிறது. தகரத்தை மாற்றிவிடலாமா?

தொண்டிவாசி:
பழைய தகரம் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரம் இருக்கும். மேலே இன்னொரு தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், வேலை முடிந்தது.

கீழக்கரை அக்கா:
தம்பி, இதற்கு மேலும் மூடாதீர்கள். விடியும் முன்னே டார்ச் எடுத்துப்போய்த் தகரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆணியைச் சுற்றி மட்டும் ஈரக்கோடு ஓடியிருந்தால் ஒழுகல். தகரம் முழுக்க வியர்த்த மாதிரி இருந்தால் அது கோழிகள் விட்ட மூச்சு. பதிமூன்று உருப்படி ராத்திரி பூராவும் மூச்சு விடுகிறது, போடுகிற எச்சத்திலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அந்த ஆவி வெளியே போக வழி இல்லாமல் குளிர்ந்த தகரத்தில் ஒட்டிச் சொட்டுகிறது. அப்புறம், தரையில் போட்டது எந்த மண்?

உச்சிப்புளிக்காரன்:
பார்த்தேன் அக்கா. தகரம் முழுக்க முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது, ஒரு விரலை வைத்து இழுத்ததும் முழங்கை வரை வழிந்தது. ஆணிப்பக்கம் தனியாக ஒன்றும் இல்லை. மண் கரையில் இருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்தது, சும்மா கிடைக்கிறதே என்று.

கீழக்கரை அக்கா:
சரியாப்போச்சு. கரை மண்ணில் உப்பு இருக்கிறதே. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும், மழைக்காலத்தில் நம் பக்கம் ராத்திரி அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். நம்ப முடியவில்லை என்றால் ஒரு பிடியை வெயிலில் நன்றாகக் காயவைத்துத் திண்ணையில் தாளில் பரப்பிவிட்டுத் தூங்குங்கள், காலையில் தொட்டுப் பாருங்கள். கோழி அதைக் கொத்தித் தின்றால் தண்ணீரை நிறையக் குடித்துக் கழிச்சலும் நீர்த்துப்போகும். அந்த நெடி, ஈர எச்சத்தில் இருந்து கிளம்புகிற அம்மோனியா. மண்ணை முழுக்க வாரிவிட்டு நெல் உமி போடுங்கள், திருவாடானை பக்கம் அரிசி ஆலைகளில் கிடைக்கும். தினமும் ஒரு குச்சியால் கிளறிவிடணும், அதில் சோம்பல் கூடாது. தார்ப்பாய் வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் போதும், தெற்கும் மேற்கும் கூரைக்குக் கீழே ஒரு சாணாவது திறந்திருக்கட்டும். கச்சான், அதாவது மேல்காற்று, அடிக்கும்போது பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பனங்காட்டான்:
அக்கா சொன்னது சரி, ஆனால் எனக்குத் தரைமட்டக் கூடே பிடிக்காது. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் உமியும் மிதக்கும் கோழியும் மிதக்கும். கூட்டைத் தரையில் இருந்து இரண்டடி தூக்கிவிட்டுப் பனைமட்டையைக் கிழித்து வரிச்சாக அடித்தால் எச்சம் கீழே விழுந்துவிடும், உமியே தேவையில்லை. நம் ஊர் மணலில் கால் நிற்காது, அதனால் இரண்டடிக் குழி தோண்டி, காலின் அடியில் குறுக்குக்கட்டை அடித்துப் புதையுங்கள், காற்று பிடுங்காது. தகரத்தை மாற்ற வேண்டாம். அதற்கு அடியில் மிதித்த பனை ஓலையை ஒரு அடுக்கு கொடுத்தால் வியர்வையும் நிற்கும், சித்திரை வெயிலும் இறங்காது.

தொண்டிவாசி:
ஓலைக்குள் எலி வரும், எலி பின்னாடியே பாம்பு வரும். பார்த்துச் செய்யுங்கள்.

பனங்காட்டான்:
வரும்தான். வருஷா வருஷம் பிரித்து ஓலை மாற்றுகிறவனுக்குப் பயமில்லை.

பாம்பன் வெல்டர்:
வலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த அறுகோண வலைக் கம்பி ரொம்ப மெல்லிசு, உப்புக்காற்றுக்குத் தாங்காது. அரை இஞ்ச் வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சதுர வலை, வாங்குங்கள், அதிலும் பற்றவைத்த பிறகு துத்தநாக முலாம் முக்கியெடுத்ததாக இருக்கணும். முலாம் பூசிய கம்பியை எடுத்துப் பற்றவைத்தால் சூட்டில் ஒவ்வொரு முடிச்சிலும் முலாம் எரிந்துபோகும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். கடையில் முடிச்சை உற்றுப் பாருங்கள், கருகின புள்ளி தெரிந்தால் வேண்டாம். பழைய மீன்வலையைக் கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், அது காக்காய்க்கு மட்டும்தான் ஆகும், கீரி ஒரே ராத்திரியில் கடித்துவிடும்.

உச்சிப்புளிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. மண்ணை வாரியாச்சு, தெற்குத் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டியதற்கே நெடி பாதி குறைந்துவிட்டது. அண்ணே, மட்டை வரிச்சில் கோழிக்குக் கால் சிக்காதா? தும்முகிற கோழிகளை என்ன செய்வது?

பனங்காட்டான்:
கட்டைவிரல் அகலம் இடைவெளி விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மட்டை ஓரத்தில் ரம்பம் மாதிரி இருக்கிற கருக்கைச் சுத்தமாகச் சீவிவிடணும், இல்லாவிட்டால் பாதம் கிழியும். குஞ்சு இருந்தால் அவை பெரிதாகும் வரை மேலே சாக்கு விரித்துவையுங்கள்.

கீழக்கரை அக்கா:
அந்த ரெண்டையும் இன்றைக்கே தனியாகப் பிரித்துத் தண்ணீர்க் கிண்ணமும் தனியாக வையுங்கள். முகம் வீங்கினாலோ மூக்கில் சளி ஒழுகினாலோ கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், பக்கத்து வீட்டு மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.