எங்கள் ஒழுங்கைக்கு யார் பெயர் வைப்பது?

கல்லடி வாசி எழுதியது:

மட்டக்களப்பு, கல்லடியில் தென்னந்தோட்டமாக இருந்த ஒரு காணியைத் துண்டாடி விற்றபோது நானும் பத்துப் பேர்ச் வாங்கி வீடு கட்டினேன். இன்று அந்த ஒழுங்கையில் ஒன்பது குடும்பங்கள் இருக்கின்றன. ஒழுங்கைக்குத்தான் பெயர் இல்லை. காணி உறுதியிலும் நில அளவைப் படத்திலும் “12 அடி அகல வழி” என்பதோடு விட்டுவிட்டார்கள். மின்கட்டணப் பட்டியல் பிரதான வீதியின் பெயரில் வருகிறது, வாக்காளர் இடாப்பிலோ அடுத்த குறுக்கு வீதியின் பெயர் இருக்கிறது. சென்ற மாதம் மாமிக்கு இரவில் மூச்சுத் திணறியபோது, நோயாளர் காவு வண்டியை அழைத்துவர என் மகன் கைவிளக்கோடு பிரதான வீதிவரை ஓட வேண்டியதாயிற்று.

காணியை விற்றவரின் மகன் தம் தந்தையின் பெயரை வைக்க வேண்டும் என்கிறார். சிலர் “பிள்ளையார் கோயில் ஒழுங்கை” என்கிறார்கள். பழைய ஆட்கள், முகப்பில் நிற்கும் மரத்தை வைத்துப் “புன்னையடி” என்றே சொல்கிறார்கள். இதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

தம்பி, பெயரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் அந்த வழி யாருடையது என்று பாருங்கள். ஏ, பீ வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சீ, டீ வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை; ஊருக்குள் இருக்கும் சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றின் பொறுப்பில் வருகின்றன. உங்கள் வழி நில அளவைப் படத்தில் மட்டுமே இருந்து, இன்னும் சபையிடம் ஒப்படைக்கப்படாமல் இருக்குமானால், அதை ஒப்படைக்கும் வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டும். நான் பணியாற்றிய காலத்தில் பெயர் கேட்டு வந்த கடிதங்களில் பல இந்த ஓரிடத்திலேயே நின்றுபோயின.

ஒப்படைத்த பின்னர், எல்லா வீட்டுக்காரரும் கையொப்பமிட்ட கடிதத்துடன் நில அளவைப் படத்தின் பிரதியையும் இணைத்து, உங்கள் வட்டார உறுப்பினர் ஊடாகச் சபைக்குக் கொடுங்கள். விற்றவர் விரும்புகிறார் என்பதற்காகவோ, யாரோ ஒருவர் தம் செலவில் பலகை நட்டுவிட்டார் என்பதற்காகவோ பெயர் நிலைத்துவிடாது. சபையின் தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் அந்தப் பெயரில் ஆதன வரி இலக்கம் கிடைக்கும். “பிள்ளையார் கோயில்” என்ற பெயரை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் பிள்ளையார் கோயில் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே பெயரில் நாலு வீதி இருந்தால் தபாற்காரர் யாரை நோவார்?

புளியந்தீவான் எழுதியது:

ஐயா சொன்ன நடைமுறையோடு, பெயர் நிலைப்பது எதனால் என்பதையும் பார்க்க வேண்டும். 1924இல் திறந்த கல்லடிப் பாலத்துக்கு அன்றைய தேசாதிபதி வில்லியம் மெனிங்கின் மனைவியை நினைத்து “லேடி மெனிங் பாலம்” என்று பெயரிட்டார்கள். நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன, 2013இல் அதற்கு அருகிலேயே புதிய பாலமும் வந்துவிட்டது. ஆனால் பேருந்து நடத்துநர் “லேடி மெனிங் இறங்குங்கோ” என்று கூவி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரின் பெயரே பாலத்தின் பெயராயிற்று.

பார் வீதியின் கதை இன்னும் சுவையானது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு ஒன்று குறுக்கே கிடக்கும்; கப்பற்காரர்கள் ஆங்கிலத்தில் அதைப் “பார்” என்பார்கள். பாலமீன்மடு வெளிச்சவீடு இருக்கும் அந்தப் பக்கத்துக்குப் போகும் வீதி ஆதலால் அது பார் வீதி. இன்றைய பிள்ளைகளில் பலர் அங்கே முன்னொரு காலத்தில் மதுக்கடை இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொருள் மறந்துபோன பின்னரும் பெயர் அசையாமல் நிற்பதற்கு அதைவிட நல்ல சான்று நம் நகரில் இல்லை.

ஆகையால் என் வாக்கு புன்னையடிக்குத்தான். அரசடி, நாவலடி என்று மரத்தடியை வைத்து இடம் சொல்வது நமக்குப் பழகிய வழி. மரம் பட்டுப்போனாலும் பெயர் நிற்கும். மனிதர் பெயரை வைத்தால், அவர் யார் என்று கேட்கும் தலைமுறை விரைவில் வந்துவிடும்.

நாலாம் கொலனி எழுதியது:

நான் அம்பாறை மாவட்டத்தில் மத்திய முகாம் என்ற ஊரைச் சேர்ந்தவன். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் காடு வெட்டிக் குடியேற்றியபோது எங்கள் ஊர்களுக்கு யாரும் பெயர் தேடவில்லை. இலக்கம் போட்டார்கள், அவ்வளவுதான். அந்த இலக்கமே இன்று எங்களுக்கு ஊர்ப்பெயர். கலியாணப் பேச்சில்கூட “நாலாம் கொலனிப் பொம்பிளை” என்றுதான் சொல்வார்கள், அதில் எங்களுக்குக் குறையும் இல்லை. மட்டக்களப்புத் திராய்மடுவிலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் வந்த குடியிருப்பொன்று சுவிஸ் கிராமம் என்றே வழங்குகிறது.

ஆனால் மனிதர் பெயர் நிற்காது என்று புளியந்தீவு அண்ணன் எழுதியதை நான் ஏற்க மாட்டேன். சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த காரைதீவில் அவர் பெயரால் ஒரு வீதி இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் யார் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. ஊருக்கு உழைத்தவரா, காணி விற்றவரா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கல்லடி வாசி மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வீட்டாரும் எங்கள் முற்றத்தில் கூடிப் பேசினோம். காணியை விற்றவரின் மகன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும், வழியைச் சபைக்கு ஒப்படைக்கும் பத்திரத்தில் அவருடைய தந்தையின் பெயர் எப்படியும் பதிவாகும் என்று அறிந்ததும் இறங்கி வந்தார். “புன்னையடி ஒழுங்கை” என்பதையே கடிதத்தில் எழுதினோம். மும்மொழியிலும் பலகை எழுத வேண்டும் என்பதால், சிங்களத்தில் எப்படி எழுதுவது என்று பக்கத்து வீட்டு ஆசிரியை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எட்டுக் கையொப்பங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்பதாவது வீட்டுக்காரர் கட்டாரில் வேலை செய்கிறார், அவருக்குப் பதிலாக மனைவி கையொப்பமிட்டால் சபையில் ஏற்பார்களா என்பதை ஐயா சொன்னால் நல்லது.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

உறுதி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். பெயர் கேட்கும் கடிதத்துக்கு, அங்கே குடியிருக்கும் மனைவியின் கையொப்பமே போதும்.