சீமைக் கருவேல விதை முளைப்பு: பூஞ்சைத் தொல்லைக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்களில் சேர்த்த சீமைக் கருவேல விதையில், உப்பு முளைப்பை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறோம். நெற்றுக்குள் விதையை மூடியிருக்கும் கெட்டி ஓட்டை நகவெட்டியால் உடைத்து, முளைவேர் வராத முனையில் தோலை லேசாகச் சீவினால் 30 டிகிரியில் விதை ஊறி உப்பிவிடும். சீவாத விதை பெரும்பாலும் கல்தான், தண்ணீர் ஏறாது. ஆட்டுப் புழுக்கையில் கிடைத்ததைச் சேர்க்கவில்லை. அதன் தோல் எந்த அளவு இளகியிருக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஈரத்தாள் விரித்த தட்டுக்கு 25 விதை, ஒவ்வோர் உப்பு அளவுக்கும் நான்கு தட்டு. லிட்டருக்கு 0, 5.8, 11.7, 17.5 கிராம் சோடியம் குளோரைடு. மூன்றாம் நாளே பூஞ்சை! நெற்றின் இனிப்புச் சதை ஒட்டியிருப்பதுதான் காரணம் என்று படுகிறது.

பூஞ்சையைக் கொல்ல 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (வெளுப்புக் கரைசல்) விதையை எத்தனை நிமிடம் போடலாம்? சீவும் முன்பா, பின்பா? பின்பு என்றால் மருந்து உள்ளே இறங்கிக் கருவைக் கெடுக்குமே.

இன்னொன்று: நீர் ஆவியாகி உப்பு ஏறுவதால் இரண்டு நாளுக்கொருமுறை தாளை மாற்றுகிறோம். முளைக்காததை எத்தனையாவது நாளில் நல்ல தண்ணீருக்கு மாற்றுவீர்கள்? அங்கே முளைத்தால் உப்பு நீரை ஏறவிடாமல் மட்டும் தடுத்தது, முளைக்காமல் அழுகினால் உப்பே நஞ்சாகி விதையைக் கொன்றது என்று கொள்ளலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.